ஸ்டிக்கர் உண்டு, இடம் இல்லை: சான்ஃபிரான்சிஸ்கோவின் பார்க்கிங் பெர்மிட் சிக்கல்

சான்ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் நிற்கும் கார்களின் பின்பக்க பம்பரில், இடது ஓரமாக, ஒரு சின்ன ஸ்டிக்கர் பல வருடங்களாகப் பழகிப்போன காட்சி. அதில் ஓர் எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் டெலிகிராஃப் ஹில், நார்த் பீச் பக்கம் குடியிருப்பவர். 'எஸ்' என்றால் காஸ்ட்ரோ, டுபோஸ் டிரையாங்கிள் பக்கம். ஒற்றை எழுத்துகள் போதாமல் இரட்டை எழுத்துகளுக்கும் போயாயிற்று. குடியிருப்போருக்கான பார்க்கிங் பெர்மிட் என்பது இந்த எழுத்துதான்.

இது என்ன தருகிறது என்று கேட்டால், பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பெர்மிட் ஏரியாவில் வெளியாட்கள் பொதுவாக இரண்டு மணி நேரம்தான் வண்டியை நிறுத்தலாம்; அந்த எழுத்து உள்ளவர்களுக்கு அந்தக் கெடு கிடையாது. அவ்வளவுதான். உங்கள் வீட்டு வாசலில் இடம் பிடித்துத் தராது. தெரு கூட்டும் நாளில் வண்டியை எடுக்காவிட்டால் அபராதச் சீட்டு வரத்தான் செய்யும். 72 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றால், ஸ்டிக்கர் இருந்தாலும் இழுத்துச் செல்ல நகரத்துக்கு அதிகாரம் உண்டு. பார்க்கிங் துறையில் இருப்பவர்கள் இந்த பெர்மிட்டை 'வேட்டை லைசென்ஸ்' என்று கிண்டல் செய்வார்கள். காட்டுக்குள் போக அனுமதி உண்டு, மான் கிடைப்பது உங்கள் பாடு.

இப்படிப்பட்ட ஒரு திட்டத்தைத் திருத்தப்போகிறோம் என்று நகரம் அறிவித்தால் போதும், பொதுக்கூட்டத்தில் நாற்காலி கிடைக்காது. அமெரிக்காவில் நகரத்துக்கு நகரம் இதே கதை. காரணம் புரிய வேண்டுமென்றால் திட்டம் எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாஷிங்டனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). 1970களின் தொடக்கத்தில் அங்கே கிரிஸ்டல் சிட்டி என்ற அலுவலக வளாகம் வளர்ந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் வளாகத்தில் காசு கொடுத்து நிறுத்துவதற்குப் பதிலாகப் பக்கத்தில் உள்ள அரோரா ஹைலண்ட்ஸ் தெருக்களில் காலையிலேயே காரை விட்டுவிட்டு நடந்து போனார்கள். குடியிருப்பவர்கள் புகார் செய்ய, கவுண்டி ஒரு விதி போட்டது: வார நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை அங்கே வசிப்பவர்கள், அவர்கள் வீட்டு விருந்தினர்கள், வேலையாக வருபவர்கள் ஆகியோரின் வண்டி மட்டுமே நிற்கலாம். வெளியிலிருந்து வந்து நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சாலை எல்லோருடைய வரிப்பணத்திலும் போட்டது, அதில் அந்தத் தெருக்காரருக்கு மட்டும் என்ன தனி உரிமை என்பது வாதம். வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977 அக்டோபரில் அதைத் திருப்பிப் போட்டது. சில பக்கங்களே கொண்ட, எழுதிய நீதிபதியின் பெயர் இல்லாத தீர்ப்பு. குடியிருப்புப் பகுதியில் புகை, இரைச்சல், குப்பை, நெரிசல் ஆகியவற்றைக் குறைக்க நினைப்பது நியாயமான நோக்கம்தான். அதற்காக உள்ளூர்க்காரரையும் வெளியூர்க்காரரையும் வேறுபடுத்துவதை அரசியல் சட்டம் தடுக்கவில்லை என்றது. அப்புறம் என்ன, நாடெங்கும் கதவு திறந்துவிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோ அதற்கு ஒரு வருடம் முன்பே, 1976-இல், தன் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரச்சினை என்று அன்று கருதப்பட்டது வெளியாள். காலையில் வந்து மாலையில் போகும் அலுவலகக்காரர், மருத்துவமனைக்கு வருபவர், கல்லூரி மாணவர். பெர்மிட்டின் விதிகள் எல்லாமே அவரை விரட்டுவதற்காக எழுதப்பட்டவை. சான்ஃபிரான்சிஸ்கோவில் புதிதாக ஒரு பெர்மிட் ஏரியா உருவாக வேண்டுமென்றால் பழைய விதிப்படி 250 வீட்டார் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்க வேண்டும். பிறகு நகரம் ஆள் அனுப்பி எண்ணிப் பார்க்கும். இடங்களில் 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும், நிற்கும் வண்டிகளில் பாதியாவது வெளியாருடையதாக இருக்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்களிடமே எத்தனை கார் இருக்கிறது என்பதை வைத்துத் திட்டத்தை அளவிடும் வழக்கம் அதில் இல்லை.

இன்று நிலைமை வேறு. சாயங்காலம் ஏழு மணிக்கு காஸ்ட்ரோவில் இடம் தேடிச் சுற்றும் வண்டிகளில் பலவற்றின் பம்பரில் அதே 'எஸ்' இருக்கும். வெளியாள் ஏற்கெனவே போய்விட்டார், போட்டி அக்கம்பக்கத்தாருக்குள்தான். நகரத்தின் போக்குவரத்து முகமை 2010களின் நடுவில் முழுத் திட்டத்தையும் எடுத்து ஆராய்ந்தபோது, பல ஏரியாக்களில் சாலையோர இடங்களைவிட வழங்கப்பட்ட பெர்மிட்கள் அதிகம் என்பது தெரியவந்தது. நகரத்தில் மொத்தம் சுமார் 2,75,000 சாலையோர இடங்கள் இருக்கின்றன. தெருவின் நீளம் கூடப்போவதில்லை. பெர்மிட் அச்சடிக்க மட்டும் எல்லை இல்லை. வெளியாளுக்கு எதிரான கருவியை வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரர்களுக்கு இடையிலான பங்கீட்டைச் செய்ய முடியாது. என் பார்வையில் இந்தத் திருத்தச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான். நகரங்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஏனென்றால் உள்ளூர்க்காரர்தான் ஓட்டுப் போடுகிறார்.

ஏரியாவின் எல்லைக்கோடு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தெருத்தெருவாக மனு வாங்கிச் சேர்த்ததால் வரைபடம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. ஒரு தெருவில் பெர்மிட் வந்தால் அங்கே நின்ற வண்டிகள் அடுத்த தெருவுக்குப் போகும். அடுத்த தெரு மனு போடும். ஏரியா சின்னதாக இருந்தால் இந்தத் தொல்லை. சரி, பெரிதாக வைத்துவிடலாம் என்றால் வேறு தொல்லை. 'எஸ்' ஏரியா அவ்வளவு அகலம் என்பதால் ஒரு கோடியில் வசிப்பவர் மறுகோடியில் இருக்கும் கடைத்தெருவுக்கோ ரயில் நிலையத்துக்கோ காரில் வந்து, நாள் முழுக்க விதிப்படியே நிறுத்திவிட்டுப் போகலாம்.

வாஷிங்டன் டிசியில் இது இன்னும் வெளிப்படை. அங்கே பெர்மிட் மண்டலம் என்பது வார்டு. மொத்தம் எட்டு வார்டுகள்தான். மூன்றாம் வார்டு வடமேற்கில் பரந்து கிடக்கிறது. அதற்குள்ளேயே டென்லிடவுன், கிளீவ்லண்ட் பார்க் போன்ற மெட்ரோ நிலையங்கள். ஒன்றிரண்டு மைல் தள்ளி வசிப்பவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார். விதி எதையும் மீறவில்லை. ஆனால் அந்தத் தெருக்காரருக்கு அவர் ஆர்லிங்டனில் 1972-இல் வந்த அலுவலகக்காரரேதான். மண்டலத்தைச் சிறிதாக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆமாம் என்பார்கள், தள்ளி இருப்பவர்கள் கூடாது என்பார்கள். தள்ளி இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

விலைக்கு வருவோம், சண்டை சூடாகும் இடம் அதுதான்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் பெர்மிட் 2015 வாக்கில் ஆண்டுக்கு 110 டாலர். பிறகு படிப்படியாக ஏறியும், நாள் கணக்கில் பார்த்தால் அரை டாலரைச் சுற்றித்தான் நிற்கிறது. அதே நகரத்தில் தனியார் கராஜில் ஓர் இடத்துக்கு மாத வாடகையே 300 டாலரை எளிதாகத் தாண்டும். வித்தியாசம் இவ்வளவு என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? சொந்த வீட்டில் கராஜ் இருந்தாலும் அதில் பழைய சைக்கிள், அட்டைப்பெட்டி, உடற்பயிற்சி மெஷின் என்று அடைத்துவிட்டு காரைத் தெருவில் விடுவார்கள். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கராஜுக்குள் வண்டி ஏற நடைபாதை விளிம்பைச் சரிவாக வெட்டியிருப்பார்கள். அந்த அகலத்துக்குத் தெருவில் மற்றவர்கள் நிறுத்த முடியாது, வீட்டுக்காரர் மட்டும் நடைபாதையை மறைக்காமல் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பொது இடம் காலி, அதற்கு ஈடாகக் கிடைத்த கராஜில் அட்டைப்பெட்டி. பக்கத்து வண்டி முகப்பு சரிவில் நீட்டாமல் இருக்க, கட்டணம் கட்டினால் இருபுறமும் விளிம்பில் சிவப்பு வண்ணம் அடித்துக் கொடுக்கவும் நகரம் தயாராக இருக்கிறது.

அப்படியானால் விலையை ஏற்ற வேண்டியதுதானே? கலிஃபோர்னியாவில் அது நினைப்பதுபோல் எளிதல்ல. நகரம் வசூலிக்கும் கட்டணம் திட்டத்தை நடத்த ஆகும் செலவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது வரி. 2010-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 26-ஆம் முன்மொழிவு இந்தக் கோட்டை இன்னும் இறுக்கியது. வரி என்றால் வாக்காளர் ஒப்புதல் வேண்டும். ஆக, ஸ்டிக்கர் அச்சடிப்பது, அலுவலகம், கண்காணிப்பு ஊழியர் சம்பளம் இவற்றைக் கூட்டிப் பெர்மிட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் விலை. அந்த நிலத்தின் மதிப்பு கணக்கிலேயே வராது. தேவை கூடினால் விலை கூடும் என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இங்கே தேவை கூடிப் பெர்மிட் அதிகம் விற்றால், செலவைப் பலர் பங்கிட்டுக்கொள்வதால் விலை ஏற நியாயமே இல்லாமல் போகிறது.

டிசி வேறு மாதிரி செய்தது. பல காலம் 35 டாலராக இருந்த ஆண்டுக் கட்டணத்தை 2021-இல் ஏறுவரிசையாக்கியது: ஒரு வீட்டின் முதல் காருக்கு 50 டாலர், இரண்டாவதற்கு 75, மூன்றாவதற்கு 100, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 150. தொகை இன்னும் சொற்பம்தான். ஆனால் மூன்றாவது காரும் முதல் காரும் ஒன்றல்ல என்பது முதல்முறையாக விதியில் ஏறியது. பாஸ்டனோ பெர்மிட்டை இலவசமாகவே கொடுத்துவந்த ஊர், வீட்டுக்கு இத்தனைதான் என்ற வரம்பும் வைக்காமல்.

விலை விஷயத்தில் துணிந்து இறங்கி அடிபட்ட ஊர் என்றால் ஜெர்மனியின் ஃப்ரைபூர்க். ஜெர்மனியில் குடியிருப்போர் பார்க்கிங் அட்டைக்கு ஆண்டுக்கு 30.70 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று மத்திய அரசின் உச்சவரம்பு நெடுங்காலம் இருந்தது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி முடிவை மாநிலங்களிடம் விட்டார்கள், பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் அதை நகரங்களிடம் விட்டது. ஃப்ரைபூர்க் காத்திருந்ததுபோல 2022 ஏப்ரல் முதல் புதிய கட்டணத்தைக் கொண்டுவந்தது. காரின் நீளத்துக்கு ஏற்ப விலை: 4.20 மீட்டர் வரை 240 யூரோ, அதிலிருந்து 4.70 மீட்டர் வரை 360, அதற்கு மேல் 480. அரசு உதவி பெறுவோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை. படிக்கும்போது எல்லாம் நியாயமாகத்தான் தெரியும்: நீளமான வண்டி அதிக இடம் பிடிக்கிறது, அதிகம் கொடுக்கட்டும்.

லைப்ஸிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 ஜூனில் அந்த விதியைச் செல்லாததாக்கியது. அதற்குச் சொன்ன காரணங்கள் எந்த நகரத்துக்கும் பாடமாகும். முதலாவது, விதியை எந்தச் சட்ட வடிவில் கொண்டுவர வேண்டுமோ அந்த வடிவில் கொண்டுவரவில்லை. இரண்டாவது, நீளப் படிகள் தாவித் தாவிப் போகின்றன; சில அங்குல வித்தியாசத்தில் கட்டணம் எங்கேயோ போய்விடுகிறது. மூன்றாவது, ஏழைகளுக்குச் சலுகை தர அந்தச் சட்டப் பிரிவில் இடமே இல்லை. 360 யூரோ என்ற அடிப்படைத் தொகையை மட்டும் நீதிமன்றம் அதிகம் என்று சொல்லவில்லை. பத்து மடங்குக்கு மேல் ஏற்றியது பிழைத்தது, நியாயமாக நடந்துகொள்ள எடுத்த முயற்சிகள் விழுந்தன. சமூக நீதி பேசுகிறவர்களுக்கு இது கசக்கும், ஆனால் கட்டண விதி எழுதும் அதிகாரிகள் மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு.

விலையில் கை வைக்க முடியாதபோது நகரங்கள் எண்ணிக்கையில் கை வைக்கும். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டுக்கு நான்கு பெர்மிட் வரை சர்வசாதாரணம். ஆய்வு முடிந்து 2018 வாக்கில் வந்த சீர்திருத்தம், ஓட்டுநருக்கு ஒன்று, வீட்டுக்கு இரண்டு என்று சுருக்கியது. ஆனால் புதிதாக உருவாகும் ஏரியாக்களில் மட்டும். நெரிசல் தலைக்கு மேல் போன பழைய ஏரியாக்கள் பழையபடியே. ஏற்கெனவே கையில் இருப்பதைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று முகமைக்குத் தெரியும். நோய் முற்றிய இடத்தில் மருந்து இல்லை, நோய் வரப்போகும் இடத்தில் தடுப்பூசி. குறை சொல்லத் தோன்றினாலும், நடைமுறையில் கிடைக்கக்கூடியது இதுவே என்று நினைக்கிறேன். ஏரியாவே வேண்டாம் என்று கலைந்துபோவதைவிட இது மேல்.

வீட்டுக்கு இரண்டு என்ற வரம்பு யாரைக் குத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு படுக்கையறை ஃபிளாட்டை நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து இருப்பார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த பே ஏரியாவுக்கு வேலைக்கு வந்த நம் பிள்ளைகளில் பலர் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கிறார்கள். நால்வரும் தனித்தனிக் குடும்பம், விதியின் கண்ணில் ஒரே வீடு. பக்கத்தில் சொந்த வீட்டில் கணவன் மனைவி இருவர், இரண்டு பெர்மிட், காலி கராஜ். எண்ணிக்கையில் சமம், நியாயத்தில் இல்லை. மருத்துவக் காரணத்துக்கோ கூட்டு வீட்டுக்கோ விதிவிலக்கு கேட்க வழி வைக்கலாம். வைத்தால் அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும், ஆள் வந்தால் செலவு கூடும், செலவு கூடினால் கட்டணம் கூடும்.

'குடியிருப்பவர்' யார் என்பதிலேயே வில்லங்கம் உண்டு. பல ஊர்களில் தனி வீட்டுக்காரர்கள், புதிய அடுக்குமாடியில் வருபவர்களுக்கு பெர்மிட் தரக் கூடாது என்று கேட்கிறார்கள். கட்டடம் கட்டும்போதே பார்க்கிங்கைக் குறைத்துவிட்டு இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறார்களே என்பது அவர்கள் வாதம். ஆர்லிங்டன் 2017-இல் புதிய பெர்மிட் ஏரியாக்களை நிறுத்திவைத்துவிட்டுத் தன் திட்டத்தை மறுபரிசீலனை செய்து, 2021-இல்தான் புதிய விதிகளை நிறைவேற்றியது. அந்த நான்கு வருடத்தில் அடிபட்ட கேள்விகளில் அடுக்குமாடிவாசிகளின் தகுதியும் ஒன்று. கலிஃபோர்னியாவில் 2016 ஏப்ரலில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஒரு கருத்துரை வெளியிட்டது: நீண்டகாலப் பெர்மிட் கொடுக்கும்போது எந்த வகை வீட்டில் வசிக்கிறார் என்று பார்த்துப் பாகுபாடு செய்யக் கூடாது. அது தீர்ப்பு அல்ல, ஆனால் நகர வழக்கறிஞர்கள் அதை லேசில் தாண்ட மாட்டார்கள். மனைக்காரர்கள் பாஷையில் சொன்னால், தெருவுக்குப் பட்டா இல்லை.

கண்காணிப்பு வேறு பக்கம் மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரக் கெடுவை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பழைய முறையில், ஊழியர் ஒருவர் சின்ன வண்டியில் வந்து, நீளக் குச்சியின் முனையில் சாக்பீஸ் வைத்து ஒவ்வொரு டயரிலும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். இரண்டு மணி நேரம் கழித்து வரும்போது கோடு அப்படியே இருந்தால் சீட்டு. மிச்சிகனில் சேஜினா என்ற ஊரில் பலமுறை சீட்டு வாங்கிய ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட, டயரில் சாக்பீஸ் கோடு போடுவதும், அரசின் நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் சொல்லும் 'சோதனை'தான் என்று 2019-இல், வட்டாரவாரியான மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஆறாவது சுற்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான் டியேகோ வழக்கில் ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் 2022-இல் நேர்மாறாக, தவறில்லை என்றது. சாக்பீஸுக்கு இவ்வளவு சட்ட ஆராய்ச்சி தேவையா என்று கேட்கத் தோன்றும். நடைமுறையில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் அந்த விவாதத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. பெர்மிட்டே நம்பர் பிளேட்டோடு இணைந்துவிட்டால் ஸ்டிக்கர் தேவையில்லை, விருந்தினர் அட்டையை இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. யார் வண்டி எப்போது எங்கே நின்றது என்ற தகவல் நகரத்தின் கணினியில் எத்தனை நாள் கிடக்கும் என்பது தனிக் கேள்வி. திருத்த ஆவணங்களில் அந்தப் பகுதியைத்தான் நான் முதலில் புரட்டுவேன்.

கேமரா வந்ததும் இன்னொரு ஏற்பாடு சாத்தியமாகிறது: பெர்மிட் உள்ளவர் சும்மா நிறுத்தலாம், இல்லாதவர் மணிக்கணக்கில் காசு கட்டி நிறுத்தலாம். சான்ஃபிரான்சிஸ்கோவில் தொழிற்சாலைகளும் புதிய குடியிருப்புகளும் கலந்து கிடக்கும் டாக்பேட்ச் பகுதியில் இதைச் செய்தார்கள், ஹேய்ஸ் வேலியிலும் கொண்டுவந்தார்கள். வெளியாளை விரட்டாமல் அவரிடம் விலை கேட்கும் முறை இது. பிளம்பரும், பாட்டியைப் பார்த்துக்கொள்ள வரும் உதவியாளரும் இரண்டு மணிக்கு ஒருமுறை கீழே ஓடி வண்டியை நகர்த்த வேண்டியதில்லை. பழைய விதியில் பராமரிப்பாளருக்குத் தனி பெர்மிட், பள்ளிகளுக்கு ஆசிரியர்களுக்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கை என்று விதிவிலக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

கொலராடோவின் போல்டர் நகரம் இந்த யோசனையை முன்பே வேறு வடிவில் பிடித்திருந்தது. குடியிருப்பவர் பகலில் வேலைக்குப் போனதும் தெருவில் பாதி காலியாகக் கிடக்கிறது; அந்த இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்? தெருவின் ஒரு பக்கத்துக்குச் சில என்று வரம்பு வைத்து, வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கும் அங்கே பெர்மிட் விற்கிறார்கள். குடியிருப்பவரைவிட அவர் பல மடங்கு அதிகம் கொடுக்கிறார்.

ஒரிகானின் போர்ட்லண்டில் இன்னும் ஒரு படி மேலே போய், நெரிசலான வடமேற்குப் பகுதியில் பெர்மிட்டின் மேல் கூடுதல் கட்டணம் வைத்தார்கள். அந்தப் பணம் நகரக் கருவூலத்தில் கரையாமல் அந்தப் பகுதியின் போக்குவரத்துக்கே திரும்புகிறது. பெர்மிட்டே வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பவருக்கு பஸ், டிராம் பாஸ் கொண்ட தொகுப்பு ஒன்று இலவசம். திட்டம் பிறந்து இத்தனை வருடத்தில், உள்ளூர்க்காரரைப் பார்த்து 'உங்கள் காரும் ஒரு கார்தானே' என்று கேட்டு, கையில் பஸ் பாஸையும் கொடுத்த ஊர்கள் குறைவு. சான்ஃபிரான்சிஸ்கோவின் 'எஸ்' ஏரியாவில் அப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், செலவுக்கு மேல் கட்டணம் கூடாது என்ற அந்த மாநிலக் கோட்டில்தான் முதலில் முட்ட வேண்டியிருக்கும்.